ஒரு கிணற்று மோட்டருக்காக ஊரே இருள வேண்டுமா?

மாரி முடிந்த கையோடு ஓர் இரவு, நயினாதீவில் ஒரு வீதி முழுவதும் இருளில் மூழ்கியது. அன்று காற்றும் இல்லை, மின்னலும் இல்லை. காலையில் தேடிப் பார்த்தபோது, தோட்டக்காரர் ஒருவரின் கிணற்று மோட்டருக்குள் மழைநீர் இறங்கிச் சுருளின் காப்பு ஊறிப்போயிருந்தமை தெரியவந்தது. சுவிச்சைப் போட்டதும் உள்ளே இரு கம்பிகளும் ஒன்றாகிவிட்டன. அவருடைய வீட்டுப் பிறேக்கர் விழவில்லை. மீற்றருக்கு அருகிலிருந்த பியூஸ் எரியவில்லை. வீதிக்குரிய பியூஸ்தான் எரிந்தது. பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள், பச்சைக் குழந்தையோடு இருந்த தாய், குளிரூட்டியில் மீன் வைத்திருந்த சிறு வியாபாரி என்று அந்த வீதியார் அனைவரும் மறுநாள் மத்தியானம் வரை பொறுத்திருக்க வேண்டியதாயிற்று.

நாம் அவ்வழியாகச் சென்றபோது வீதியில் பேச்சு மின்விநியோகக்காரரைப் பற்றியதாகவே இருந்தது. தோட்டக்காரர் மட்டும் எம்மைத் தனியே அழைத்துத் தமது மீற்றர் பலகையைக் காட்டினார். போர்க்காலத்தில் ஊரைவிட்டுப் போய்ப் பல இடங்களில் அகதியாக இருந்து திரும்பியவர் அவர். “சுவாமி, முந்தி பதினாறு அம்பியர் பிறேக்கர்தான் கிடந்தது. மோட்டர் போட்ட உடனை விழுந்திடும். கடைக்காரப் பெடியன் அறுபத்துமூண்டு போட்டால் விழாது எண்டான். போட்டன், விழேல்லை” என்றார். “விழாமல் கிடக்கவோ ஐயா அதை வாங்கினனீங்கள்?” என்று கேட்டோம். அவர் சிரித்தார். ஆனால் அவருடைய தேவை நியாயமானதுதான். மிளகாய்க்கன்று வாடும்போது மோட்டரை மறித்து நிற்கும் சுவிச்சை யார்தான் விரும்புவார்கள்?

பிழை நேர்ந்த இடத்துக்கு மிக அண்மையிலுள்ள சுவிச்சு முதலில் விழ வேண்டும், மற்றவை நிமிர்ந்து நிற்க வேண்டும் என்பதே மின் பாதுகாப்பின் முதல் ஒழுங்கு. இந்த ஒழுங்கு தானாக அமைவதில்லை. வீட்டுப் பலகையிலிருந்து மின்நிலையம் வரை வழியிலுள்ள ஒவ்வொரு பியூசும் பிறேக்கரும் எவ்வளவு மின்னோட்டத்தில், எத்தனை செக்கனில் துண்டிக்க வேண்டும் என்பதை ஒருவர் உட்கார்ந்து, எல்லாவற்றையும் ஒரே தாளில் வைத்துக் கணக்கிட வேண்டும். எமது தீவுகளுக்கு இந்தக் கணக்கு கட்டாயம் செய்யப்பட வேண்டும் என்பதும், மின் உற்பத்தி முறை மாறும் ஒவ்வொரு முறையும் அதைத் திரும்பச் செய்ய வேண்டும் என்பதும், அதைக் கேட்பதற்கு மக்களுக்கு உரிமை உண்டு என்பதும் எமது நிலைப்பாடு.

முதலில் அந்தத் தோட்டக்காரரின் பலகையையே எடுத்துக்கொள்வோம். பிறேக்கருக்குள் இரண்டு காவற்காரர் இருக்கிறார்கள். ஒருவர் சூட்டுக்கு வளையும் ஈருலோகத் தகடு. மெல்ல மெல்ல மிகும் சுமையை அவர் பொறுத்துப் பார்த்து, பிறகு விழுத்துவார். மற்றவர் காந்தச் சுருள். திடீரென்று பெருமளவு மின்னோட்டம் பாய்ந்தால் அவர் கண்ணிமைக்கும் நேரத்தில் விழுத்துவார். இரண்டாமவர் எந்த அளவில் விழுத்துவார் என்பதைப் பிறேக்கரின் முகப்பில் எண்ணுக்கு முன்னாலுள்ள எழுத்துச் சொல்லும். ‘பி’ வகையானது தன் எண்ணின் 3 முதல் 5 மடங்கில் உடனே விழும். ‘சி’ வகை 5 முதல் 10 மடங்கில். ‘டி’ வகை 10 முதல் 20 மடங்கில்.

2 குதிரைவலு நீர் மோட்டர் ஓடும்போது 10 அம்பியருக்குச் சற்று மேல் எடுக்கும். கிளம்பும் கணத்தில் அதன் ஆறு மடங்கு வரை, அதாவது 60, 65 அம்பியர் எடுக்கக்கூடும். 16 அம்பியர் ‘பி’ வகைப் பிறேக்கர் 48 இலிருந்து 80 அம்பியருக்குள் உடனே விழும். எனவே மோட்டர் கிளம்பும்போதெல்லாம் அது விழுந்ததில் வியப்பில்லை. அதே 16 அம்பியரில் ‘சி’ வகையைப் போட்டிருந்தால் 80 அம்பியர் வரை உடனே விழாது, மோட்டர் கிளம்பியிருக்கும். 160 அம்பியரைத் தாண்டினால் நிச்சயம் உடனே விழும். வேண்டியிருந்தது ஓர் எழுத்து மாற்றம். செய்யப்பட்டதோ எண் மாற்றம். கம்பியின் நீளத்தையும் தடிப்பையும் வைத்துப் பார்த்தால் அன்றிரவு ஏறத்தாழ 300 அம்பியர் பாய்ந்திருக்கும். 63 அம்பியர் ‘சி’ வகை உடனே விழுவதற்கு ஆகக்குறைந்தது 315 அம்பியர் வேண்டும். மீற்றர் பியூசுக்குள்ளோ தடித்த செப்புக்கம்பி முறுக்கப்பட்டிருந்தது. வீதிக்குரிய பியூசும் 63 அம்பியர்தான். அது முழு வீதியின் சுமையாலும் ஏற்கெனவே சூடேறி நின்றது. ஆகவே முந்திக்கொண்டு போனது அதுதான். தடித்த பிறேக்கரைப் போட்டவர் தம் வீட்டுக் கம்பி தீப்பிடிக்கும் ஆபத்தை வாங்கினார், வீதிக்கு இருளை வாங்கிக் கொடுத்தார். அந்தக் கடைக்காரப் பையனும் கெட்டவனல்லன். அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

வீட்டுக்கு வெளியே போனால் கணக்கில் நேரமும் சேர்ந்துகொள்கிறது. மின்நிலையத்துப் பெரிய பிறேக்கர்களுக்குத் தாமாக யோசிக்கத் தெரியாது. அவற்றுக்குக் கட்டளையிடுவது ரிலே என்னும் கருவி. மின்னோட்டம் கூடக் கூடக் காத்திருக்கும் நேரத்தைக் குறைத்துக்கொள்ளும்படி அதனை அமைப்பார்கள். வீதி முனையிலுள்ள ரிலேக்கு ஒரு நேரம், அதற்கு மேலுள்ளதற்கு அதைவிட ஏறத்தாழ 0.3 அல்லது 0.4 செக்கன் கூடுதலான நேரம், அதற்கும் மேலுள்ளதற்கு இன்னும் அவ்வளவு கூடுதல் என்று படியாக வைப்பது வழக்கம். கீழுள்ள பிறேக்கர் திறந்து, தீப்பொறி அணைந்து, மேலுள்ள ரிலே அமைதியடைய அந்தச் சிறு இடைவெளி வேண்டும். இடைவெளி போதாவிட்டால் இரண்டும் சேர்ந்து விழும். அளவுக்கு மிஞ்சினால், மின்நிலையத்துக்கு அருகே பிழை நேரும்போது, இயந்திரம் கருகும் வரை யாரும் துண்டிக்கமாட்டார்கள்.

தீவுகளில் இன்னொன்றும் உண்டு. சோளகக் காற்றுக் காலத்தில் காவோலை பறந்து கம்பியில் விழும். விழுந்த வேகத்தில் நழுவியும் போய்விடும். கடலுப்பு பீங்கான் மேல் படிந்திருக்க, பனி ஈரத்தில் பொறி பாய்ந்து அடங்கும். மேற்கம்பிகளில் நேரும் பிழைகளில் பெரும்பாலானவை இப்படித் தாமே மறைபவைதாம். இவற்றுக்காகத் தன்னியக்கமாக ஒருமுறை திறந்து, சிறிது பொறுத்து மீண்டும் மூடிப் பார்க்கும் பிறேக்கர் இருக்கிறது. அதன் முதல் திறப்பு பியூசை முந்த வேண்டும், பிழை நீங்காவிட்டால் அடுத்த முறை பியூசுக்கு வழிவிட வேண்டும். இப்படிச் சரியாக அமைத்தால் ஒரு காவோலைக்காக ஏணியோடு ஆள் வரும் வரை ஊர் காத்திருக்கத் தேவையில்லை.

இதை எழுதும்போது குருமடத்தில் படித்த ஒன்று நினைவுக்கு வருகிறது. பாப்பரசர் 11ஆம் பத்திநாதர் 1931இல் வெளியிட்ட சமூகச் சுற்றுமடலில், சிறிய அமைப்பொன்று செய்யக்கூடியதைப் பெரிய அமைப்பு பறித்துக்கொள்ளலாகாது என்று கற்பித்தார். குடும்பத்தால் முடிவதைக் கிராமமும், கிராமத்தால் முடிவதை அரசும் அபகரிக்கக்கூடாது. முடியாதபோது மேலுள்ளது துணைக்கு வர வேண்டும். துணைநிலைக் கோட்பாடு என்று இதனைச் சொல்வார்கள். மேலுள்ள பிறேக்கர் அரைச் செக்கன் பொறுத்துக் கீழுள்ளதற்கு இடம் கொடுப்பதும், அது தவறினால் மாத்திரம் தலையிடுவதும் இதே ஒழுங்குதான். எமது நிறுவனங்களில் பல, திருச்சபையினவும் சேர்த்துத்தான், இந்தப் பொறுமையை இன்னும் பழகவில்லை என்பதை ஒத்துக்கொண்டு மேலே செல்வோம்.

ஒருமுறை சரியாக வைத்த அளவு என்றும் சரியாக இருக்கும் என்று நினைப்பது பெரிய நாடுகளையும் இருளில் தள்ளியிருக்கிறது. 1965 நவம்பர் 9ஆம் திகதி மாலை 5.16க்குக் கனடாவின் ஒன்ராறியோவில், நயாகராவிலுள்ள சேர் அடம் பெக் நீர்மின் நிலையத்தில் ஒரு ரிலே விழுந்தது. அங்கே எந்தப் பிழையும் நேரவில்லை. 1963இல் அதற்கு வைத்த அளவு 375 மெகாவாற்று. கம்பியோ அதற்கு மேலும் தாங்கக்கூடியது. இரண்டு ஆண்டுகளில் சுமை வளர்ந்து அந்த எல்லையைத் தொட்டுவிட்டது. அளவை யாரும் திருப்பிப் பார்க்கவில்லை. கடமையிலிருந்தவர்களுக்கு அப்படி ஓர் எல்லை இருப்பதே தெரிந்திருக்கவில்லை. ஒரு கம்பி விலக, அதன் சுமை அருகிலிருந்த நான்கு கம்பிகளிலும் ஏற, சில செக்கன்களுக்குள் அவையும் விழுந்தன. நியூயோர்க் நகரம் உட்பட ஏறத்தாழ 3 கோடி மக்கள் இருளில் ஆழ்ந்தனர். சில இடங்களுக்கு மின்சாரம் வர 13 மணித்தியாலம் வரை சென்றது.

இந்தியாவில் 2012 யூலை 30ஆம் திகதியும் 31ஆம் திகதியும் நடந்தவை இதற்கு நெருங்கிய உறவு. வலையின் சில கம்பிகள் ஏற்கெனவே விலகியிருந்த வேளையில், பினா - குவாலியர் 400 கிலோவோல்ற் கம்பியில் சுமை மிஞ்சியது. அதைக் காத்த ரிலே, அந்தச் சுமையைத் தூரத்துப் பிழை என்று எண்ணித் துண்டித்துவிட்டது. அங்கும் உண்மையான பிழை எதுவும் இல்லை. இரண்டாம் நாள் 60 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் மாநிலங்கள் மின்சாரமின்றி நின்றன. எமது நாட்டில் 2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை முற்பகல் முழு நாடும் இருண்டபோது, பாணந்துறைத் துணைமின்நிலையத்தில் குரங்கு ஒன்று பட்டதே தொடக்கம் என்று பொறுப்பான அமைச்சர் அறிவித்தார். நாடெங்கும் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். ஆனால் குரங்கும் காகமும் காவோலையும் எந்த நாட்டிலும் கம்பியைத் தொடத்தான் செய்யும். ஒரு துணைமின்நிலையத்துப் பிழை அந்த எல்லைக்குள் நிற்காமல், நுரைச்சோலையின் மூன்று இயந்திரங்களையும் ஏன் நிறுத்தியது என்பதே கேட்க வேண்டிய கேள்வி. அன்று விடுமுறை நாள், தேவை குறைவு, வெயிலில் சூரியத் தகடுகளின் பங்கு அதிகம், வலையைத் தாங்கி நிற்கும் சுழலும் பெரிய இயந்திரங்கள் குறைவு. இந்தக் கடைசி விடயத்தை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நயினாதீவுக்கு அது மீண்டும் வரும்.

அதற்கு முன் இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு நெருக்கமான ஒன்று. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து புறப்பட்டவர்களும், 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவோடு இரவாக வலிகாமத்தை விட்டு நடந்தவர்களும், தீவகத்தாரும், மின்சாரமே இல்லாத ஆண்டுகளைக் கடந்து வந்தவர்கள். போத்தல் விளக்கில் பிள்ளைகளைப் படிப்பித்து, சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்கள். அந்த ஆண்டுகளில் வயரிங் தொழில் பழகியிருக்க வேண்டிய ஒரு தலைமுறை அதைப் பழகாமலே வளர்ந்துவிட்டது. பின்னர் மின்சாரம் வந்தபோது, உறவினர் வளவிலும் நலன்புரி நிலையங்களிலும் ஒரு வீட்டு மீற்றரிலிருந்து கம்பியிழுத்துப் பத்துக் கொட்டில்களுக்கு விளக்கேற்றினோம். பத்துக் கொட்டிலுக்கும் சேர்த்து ஒரே ஒரு ட்ரிப் சுவிச். ஒருவருடைய ஈரமான இஸ்திரிப் பெட்டிக்காக எல்லோருடைய விளக்கும் அணையும். சண்டை வரும். கடைசியில் யாராவது ஒருவர் ட்ரிப் சுவிச்சைக் கழற்றிக் கம்பிகளை நேரே முறுக்கிவிடுவார். அன்றோடு சண்டை தீரும். காவலும் தீரும்.

ட்ரிப் சுவிச் செய்யும் வேலையைப் பியூசும் பிறேக்கரும் செய்யமாட்டா. எமது நாட்டில் வீட்டுக்கு வீடு தனியே நிலத்தில் ஏர்த் கம்பி இறக்குகிறோம். தீவகத்தின் சுண்ணக்கல் தரையிலும் காய்ந்த மணலிலும் அது நன்றாகப் பிடிப்பதில்லை. ஏர்த்தின் தடை 50 ஓம் என்று வைப்போம். மோட்டரின் இரும்புக் கோதில் மின்சாரம் இறங்கினால் 230ஐ 50ஆல் வகுக்க 4.6 அம்பியர்தான் பாயும். 16 அம்பியர் பிறேக்கருக்கு இது ஒரு சுமையே அல்ல. நாள் முழுவதும் பாய்ந்தாலும் விழாது. மோட்டரைத் தொடுகிறவரைக் கொல்வதற்கு அதன் நூற்றிலொரு பங்கே போதும். போன மின்னோட்டமும் திரும்பிய மின்னோட்டமும் 30 மில்லி அம்பியர் வேறுபட்டால் 0.3 செக்கனுக்குள் துண்டிக்க வேண்டும் என்று செய்யப்பட்ட ட்ரிப் சுவிச் ஒன்றே அங்கே உயிருக்குக் காவல். கிணற்றடியில், ஈரக் காலோடு நிற்பவருக்கு வேறு காவல் இல்லை.

பத்துக் கொட்டிலின் சண்டைக்கும் ஒழுங்கான தீர்வு இருந்தது. கொட்டிலுக்கு ஒரு 30 மில்லி அம்பியர் சுவிச்சு. எல்லாவற்றுக்கும் மேலே, 100 அல்லது 300 மில்லி அம்பியரில் சிறிது தாமதித்து விழும் வகையான ஒன்று. ஈர இஸ்திரிப்பெட்டி வைத்திருப்பவரின் விளக்கு மட்டும் அணையும், அவரும் அதைத் திருத்துவார். மீள்குடியேற்ற வீடுகளைக் கட்டிக் கொடுக்கும் நிறுவனங்களும் இதனைக் கவனிக்க வேண்டும். வீட்டுக்கு ஒரு ட்ரிப் சுவிச் வைத்தால் கணக்கு முடிந்தது என்று எழுதுகிறோம். விவசாயிக்குக் கொடுக்கும் வீட்டில் கிணற்று மோட்டருக்கென்று தனி ட்ரிப் சுவிச்சும் தனி ‘சி’ வகைப் பிறேக்கரும் வைத்தால், மோட்டர் பழுதாகும் நாளில் அவர் வீட்டில் விளக்காவது எரியும். சுவிச்சைக் கழற்றி எறியும் ஆசையும் வராது.

இனி மின்நிலையத்துக்கு வருவோம். நெடுந்தீவும் நயினாதீவும் அனலைதீவும் நீண்டகாலம் தேசிய மின்வலையோடு தொடுக்கப்படாமல், டீசல் இயந்திரங்களாலேயே மின்சாரம் பெற்று வந்தவை. இம்மூன்று தீவுகளுக்கும் சூரியன், காற்று, பற்றரி, டீசல் நான்கும் சேர்ந்த கலப்பு மின்திட்டம் ஒன்று வகுக்கப்பட்டது. 2021 சனவரியில் ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியில் சீன நிறுவனக் கூட்டு ஒன்றுக்கு அது வழங்கப்பட்டது. இந்தியா தன் பாதுகாப்பைக் காட்டி ஆட்சேபித்தது. அவ்வாண்டு டிசெம்பரில் அது நின்றது. 2022 மார்ச்சில் இந்திய நன்கொடையில் செய்வதென்று உடன்பாடாகி, 2024 மார்ச் 1ஆம் திகதி இலங்கை நிலைபெறுதகு வலு அதிகாரசபைக்கும் பெங்களூர் நிறுவனமான யூ சோலார் கிளீன் எனர்ஜி சொலூஷன்சுக்கும் இடையே ஒப்பந்தம் கைமாறியது. நன்கொடை ஏறத்தாழ 1 கோடி 10 இலட்சம் அமெரிக்க டொலர். மூன்று தீவுகளுக்கும் சேர்த்து 530 கிலோவாற்றுக் காற்றாலை, 1,700 கிலோவாற்றுச் சூரியத் தகடுகள், 2,400 கிலோவாற்றுமணிப் பற்றரி, தேவைக்கு உதவ 2,500 கிலோவாற்று டீசல் என்று அறிவிக்கப்பட்டது. எந்த நாட்டின் தகடு என்பதைப் பற்றிப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. எந்தப் பிறேக்கர் எப்போது விழும் என்பதைப் பற்றி ஒரு வரியும் நாம் காணவில்லை. தீவில் வாழ்பவருக்கு இரண்டாவதுதான் நாளாந்தம் படும் விடயம்.

ஏனென்றால் டீசல் இயந்திரமும் பற்றரி இன்வேர்ட்டரும் பிழை நேரும்போது நடந்துகொள்ளும் விதம் வேறு. டீசலோடு சுழலும் ஜெனரேற்றர் கனத்த இரும்பு. எங்காவது கம்பிகள் ஒட்டிக்கொண்டால் அது தன் வழமையான அளவின் பல மடங்கு மின்னோட்டத்தை அந்த இடத்துக்குத் தள்ளும். அந்தத் தள்ளலில்தான் பியூஸ் எரிகிறது, பிறேக்கர் விழுகிறது. இன்வேர்ட்டர் மெல்லிய இலத்திரனியல் கருவி. தன்னைக் காத்துக்கொள்வதற்காக, வழமையின் ஒன்றேகால் மடங்கோ ஒன்றரை மடங்கோ, மிஞ்சினால் இரண்டு மடங்கோ கொடுத்து அதற்கு மேல் மறுத்துவிடும்.

கணக்குக்காக 250 கிலோவோல்ற்-அம்பியர் ஜெனரேற்றர் ஒன்றை எடுப்போம். 400 வோல்றில் அதன் முழுச் சுமை ஏறத்தாழ 360 அம்பியர். பிழைக்கு அது மூன்று மடங்கைத் தாக்குப்பிடித்துக் கொடுத்தால் 1,080 அம்பியர். ஊருக்குள் 100 அம்பியர் பியூஸ் ஒன்று ஒரு செக்கனுக்குள்ளேயே எரிந்து, அந்த வீதி மட்டும் விலகும். அதே அளவான இன்வேர்ட்டர் ஒன்றரை மடங்கு, அதாவது 540 அம்பியர் கொடுக்கிறது. அதே பியூஸ் எரியப் பல செக்கன் ஆகலாம். அதுவரை வோல்ற் விழுந்து கிடப்பதை இன்வேர்ட்டர் பொறுக்காது, தானே நின்றுவிடும். விளைவு? டீசல் ஓடும் இரவில் ஒரு கிணற்று மோட்டரின் பிழைக்கு ஒரு வீதி இருளும். டீசல் நின்று பற்றரி ஓடும் நண்பகலில் அதே மோட்டருக்கு முழுத் தீவும் இருளும். உவர்நீரை நன்னீராக்கும் இயந்திரம் நிற்கும், வைத்தியசாலை தன் ஜெனரேற்றரைத் தேடும். புதிய மின்சாரம் பழையதைவிட மோசம் என்று மக்கள் சொல்லத் தொடங்குவார்கள். குற்றம் சூரியனிலோ பற்றரியிலோ இருக்காது. டீசலுக்காக வைத்த அளவுகளைப் பற்றரிக்கும் அப்படியே விட்டதில் இருக்கும்.

இதற்குப் பரிகாரங்கள் உண்டு, அவை புதுமையானவையுமல்ல. இன்வேர்ட்டரைத் தேவைக்குச் சற்றுப் பெரிதாக வாங்கலாம். ஒரு பெரிய பியூசுக்குப் பதிலாக ஊரைச் சிறு துண்டுகளாக்கிச் சிறு பியூசுகள் வைக்கலாம். மின்னோட்டத்தை மட்டும் பாராமல் வோல்ற் விழுவதையும் பார்த்துத் தீர்மானிக்கும் ரிலேக்களைப் பூட்டலாம். இப்போதைய ரிலேக்களில் இரண்டு மூன்று அளவுத் தொகுதிகளை எழுதி வைத்து, டீசல் ஓடும்போது ஒன்று, பற்றரி ஓடும்போது இன்னொன்று என்று மாறச் செய்யலாம். எரிபொருள் செலவைப் பொறுத்துக்கொண்டு ஒரு டீசலைச் சதா ஓடவிடுவதும் ஒரு வழிதான். ஆனால் டீசலைக் குறைப்பதற்கென்றே வந்த திட்டத்தில் அது தோல்வியின் அடையாளம்.

ஆனி மாதத்தில் நாகபூசணி அம்மன் உற்சவத்துக்குக் குறிகாட்டுவான் துறையில் படகுக்குப் படகு சனம் ஏறி வரும் நாட்களைச் சொல்லாமல் விடமுடியாது. கடைகள், ஒலிபெருக்கிகள், அன்னதான மடங்கள், அலங்கார விளக்குகள் என்று தீவின் சுமை அந்த நாட்களில் ஆண்டின் மற்ற நாட்களைப் போன்றதல்ல. மற்ற நாட்களுக்குச் சரியாக இருக்கும் அளவு அப்போது 1965இன் ரிலேயைப் போலச் சுமையையே பிழையென்று எண்ணலாம். அதற்குப் பயந்து உற்சவத்துக்கு முன் அளவைக் கூட்டிவிட்டுப் பின்னர் குறைக்க மறந்தால், ஆண்டு முழுவதும் காவல் தளர்ந்திருக்கும். அளவு கணக்கிடுகிறவர் ஒருமுறையாவது உற்சவ காலத்தில் தீவில் தங்கிப் பார்க்க வேண்டும் என்பது எமது எண்ணம்.

தீவின் கிராம அபிவிருத்திச் சங்கமும் கமக்காரர் அமைப்பும் மீனவர் சங்கமும் ஒன்றாகச் சேர்ந்து இந்த விடயத்தைக் கையிலெடுக்க வேண்டும். பொறியியலாளரின் வேலையை நாம் செய்யப் போவதில்லை. செய்தாயிற்றா என்று கேட்கலாம். மின்நிலையத்தில் புதிதாக எதுவும் பூட்டப்படும்போது, டீசலில் ஒரு முறையும் பற்றரியில் ஒரு முறையும், ஊரின் கடைக்கோடிக் கம்பியில் பிழையை உண்டாக்கிப் பார்த்து, எது விழுந்தது, எத்தனை செக்கனில் விழுந்தது என்று எழுதிய பின்னரே கையேற்க வேண்டும். காகிதத்தில் மட்டும் பார்த்த கணக்குப் போதாது. தீவு இளைஞர் இருவருக்கேனும் அந்த அளவுகளை வாசிக்கவும், மாறியிருந்தால் அறிந்துகொள்ளவும் பயிற்சி கொடுக்கும்படி கேட்க வேண்டும். கடல் கொந்தளிக்கும் நாளில் பொறியியலாளர் யாழ்ப்பாணத்திலிருந்து வரமுடியாது. பயிற்சிக்குச் செலவாகும் என்றால் அதில் ஒரு பங்கைத் திருச்சபையின் அபிவிருத்திப் பணி ஏற்கலாம்; அதைக் கேட்க நாம் தயங்கமாட்டோம்.

வீட்டுப் பக்கத்து வேலை எம்முடையது. ட்ரிப் சுவிச்சில் ‘ரீ’ என்று எழுதிய சிறு பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். விழாவிட்டால் அது செத்த சுவிச், மாற்றுங்கள். அடிக்கடி விழுகிறதென்றால் அது எதையோ சொல்கிறது. தகுதியுள்ள ஒருவரைக் கொண்டு மோட்டரையும் கம்பியையும் அளந்து பாருங்கள். பியூசுக்குள் இருக்கும் கம்பி எந்தத் தடிப்பு என்று தெரியாதவர்கள் இந்தக் கிழமையே அதைப் பார்ப்பிக்க வேண்டும். அந்தத் தோட்டக்காரர் மோட்டரைத் திருத்தி, 16 அம்பியர் ‘சி’ வகைப் பிறேக்கரைப் போட்டுவிட்டார். மோட்டர் கிளம்புகிறது. கடைக்காரப் பையனிடமும் போய், இனிமேல் கேட்பவர்களுக்கு எழுத்தைப் பார்த்துக் கொடுக்கும்படி சொல்லியிருக்கிறார்.

மின்நிலையத்தாரிடம் நாம் கேட்பது ஒரு தாள். வீதிப் பியூசிலிருந்து ஜெனரேற்றரும் இன்வேர்ட்டரும் வரை எது எத்தனை அம்பியரில், எத்தனை செக்கனில் விழ வேண்டும் என்பது டீசலுக்கு ஒரு நிரையிலும் பற்றரிக்கு ஒரு நிரையிலும் தமிழில் எழுதப்பட்டு, நிலையத்துச் சுவரில் எவரும் பார்க்கக்கூடியதாகத் தொங்க வேண்டும். கடைசியாக மாற்றிய திகதியும் மாற்றியவரின் கையொப்பமும் அதன் அடியில் இருக்க வேண்டும்.